கிளிப் போட்ட அத்தியாயங்கள்

ஒரு வாரமாக எங்கள் வீட்டில் தலைக்குப் போடும் கிளிப் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. என்னுடைய கறுப்புக் கிளிப்புகள், நாத்தனாரின் நீலக் கிளிப்புகள், குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே அநாதையாகக் கிடந்த ஒற்றை மஞ்சள் கிளிப், எல்லாம் மாயம். மர்ம நாவல்களாகப் படித்துத் தள்ளும் குடும்பத்தில் இதை ஒருவர்கூடத் துப்புத் துலக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரம் எல்லோருடைய கவனமும் வேறு இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனாரின் மனதுக்குப் பிடித்தவர் முதல் முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்.

அவர் கால்நடை மருத்துவர். நாத்தனார் பழைய மேசை நாற்காலிகளைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். அவருடைய மருத்துவமனையில் பூனைகள் பிறாண்டிய சோபா ஒன்று பழுதுபார்க்க அவளிடம் வந்தது. சரி செய்து அனுப்பினாள். கொஞ்ச நாளில் அதே சோபா மறுபடி வந்தது. அதன்பிறகு இன்னொரு முறை. அந்த முறை உறை நேர்கோட்டில், சுத்தமாகக் கிழிந்திருந்தது. பூனைக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். "டாக்டர், அடுத்த தடவை சோபாவை விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க" என்று சொல்லி அனுப்பினாளாம்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் என் மாமியார் இருந்தார்.

மாமியார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமனார் அவரை 'செக்கிங்' என்றுதான் கூப்பிடுவார். "டிக்கெட் இல்லாதவன் முதல்ல ஜன்னல் வழியாத்தான் பார்ப்பான்" என்பது மாமியார் அனுபவத்தில் கண்ட உண்மை. எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடும்போது ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டோம்.

அவருக்கு உயிர், மர்ம நாவல். அதிலும் ஒரு அத்தியாயம் 'அன்று', அடுத்த அத்தியாயம் 'இன்று' என்று மாறி மாறிப் போகும் வகை. அந்தப் பித்து எங்கள் எல்லோரையும் தொற்றிக்கொண்டுவிட்டது. 'அன்று' ஒரு பெண் மோதிரத்தைக் கழற்றி சோப்புப் பெட்டிக்குள் வைப்பாள். நூறு பக்கம் தாண்டி, 'இன்று' யாரோ ஒருவன் பழைய சாமான் கடையில் ஒரு சோப்புப் பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்ப்பான். உள்ளே ஏதோ 'டக்' என்று கேட்கும். அந்த நொடியில் வயிற்றுக்குள் ஒரு லிஃப்ட் இறங்கும் பாருங்கள், அதற்காக அடுப்பில் பாலைப் பொங்க விட்டிருக்கிறேன். மாமனார் பேக்கரி வைத்திருப்பவர். அவர் ஒரு முறை இரண்டு தட்டு ரொட்டியைக் கரியாக்கியிருக்கிறார்.

புத்தகம் ஒன்றுதான் வாங்குவோம். வரிசையாகப் படிப்போம். அதனால் வீட்டுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. மற்றவர்கள் படித்து முடிக்கும் முன் கொலைகாரன் யாரென்று வாயை விட்டவருக்கு, அந்தப் புத்தகத்தைத் தொடும் உரிமை கிடையாது. அதோடு ஒரு வருடத்துக்குச் சாப்பாட்டு மேசையில் ஓட்டும் கிடையாது. எங்கள் வீட்டில் திரைச்சீலை நிறத்திலிருந்து கல்யாணம் வரை அந்த மேசையில் கை தூக்கித்தான் முடிவாகும். கல்யாணத்துக்கு மட்டும் எல்லாக் கையும் உயர்ந்தாக வேண்டும். சட்டத்தில் முதலில் மாட்டியவர் மாமனாரின் தம்பி. அவருக்கு ஓட்டு இல்லாத வருடத்தில்தான் வரவேற்பறைக்கு ஊதா நிறம் அடித்தோம். இன்றைக்கும் சுவரைப் பார்க்காத மாதிரிதான் வந்து உட்காருவார்.

குடும்பத்துக்குள் வருகிறவர்களுக்கும் இதே சோதனைதான். ஒரு நாவலைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து விருந்துக்கு அழைத்து, மாமியார் பேச்சோடு பேச்சாகத் தூண்டில் போடுவார். ரகசியம் காக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார். என்னையும் அப்படித்தான் பார்த்தார். நான் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவள். என்ன எழுத்து தெரிகிறது என்று நாள் முழுக்கக் கேட்பேனே தவிர, அது என்ன எழுத்து என்று நானாகச் சொல்லிவிட மாட்டேன். அந்தப் பழக்கத்தில் பிழைத்தேன். எனக்குப் பிறகு நாத்தனாரைக் கேட்டு வந்த ஒரு பொறியாளர், சூப் வருவதற்குள் "அந்தத் தபால்காரன்தானே? நான் அப்பவே நெனச்சேன்" என்றார். சூப் அவருக்கு வரவே இல்லை. நாத்தனாரும் வருத்தப்படவில்லை.

ஆனால் டாக்டர் விஷயம் வேறு.

"அம்மா வேண்டாம்னு சொன்னா நான் கேட்டுருவேன்னு இல்ல அண்ணி" என்றாள் நாத்தனார், ஞாயிறு காலை என் அலமாரியைக் குடைந்துகொண்டே. "ஆனா அம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு பக்கத்துல நிக்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம். எனக்கு ரெண்டு பேரும் வேணும். ஏன் அண்ணி, ஒரே ஒரு கிளிப்பாவது இருக்கா?"

"இருந்தா நானே போட்டிருக்க மாட்டேனா? எதுக்கு இப்படிப் பதறுற? உங்காளு வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

"அங்கதான் பயமே. அவருக்கு மனசுல பட்டது எதுவோ அது வாயில வந்துடும். போன வாரம் ஒரு நாயோட முதலாளிகிட்ட, 'உங்க நாய் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் டாக்டரைப் பார்க்கணும்'னு சொல்லியிருக்கார்."

கடைசியில் முடியை விரித்துவிட்டுக்கொண்டே கீழே போனாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை ஊதித் தள்ளினாள்.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நெட்டையான மனிதர், சட்டையில் ஒரு பூனை முடி. கையில் அந்த நாவலைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். மாமியார் சமையலறையில் இருந்ததால் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"அண்ணி... அப்படிக் கூப்பிடலாம் இல்ல? பத்திரமாக் கொண்டுவந்துட்டேன்."

கையில் வாங்கினேன். புத்தகத்தின் மேல் விளிம்பு முழுக்கக் கிளிப். கறுப்பு, நீலம், நடுவில் அந்த ஒற்றை மஞ்சள். கொத்துக் கொத்தாகப் பக்கங்கள் வாய் மூடிக் கிடந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. மாமியார் இந்த வகை நாவலை எழுதியவர் அடுக்கிய வரிசையில் படிக்க மாட்டார். "முதல்ல ஏறினவன் யாரு, எங்க ஏறினான்னு தெரியாம, இப்ப உட்கார்ந்திருக்கறவனை எப்படிம்மா விசாரிக்கிறது?" என்பார். 'அன்று' அத்தியாயங்களை எல்லாம் முதலில் ஒரே மூச்சில் படித்துவிடுவார். படித்தவற்றை எதையாவது கொண்டு மூடிவிட்டு, 'இன்று' அத்தியாயங்களுக்குத் திரும்புவார். முன்பெல்லாம் துணி காயப்போடும் கிளிப்பைப் போடுவார். இந்த முறை கைக்குக் கிடைத்தது எங்கள் தலை. முடித்த கையோடு, கழற்ற மறந்து, அப்படியே டாக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"டாக்டர், இந்தக் கிளிப் போட்ட பக்கமெல்லாம்..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"தொடவே இல்லைங்க!" என்றார் பெருமையாக. "மூடி வச்சிருக்கறதைத் திறந்து பார்க்கறதா? ஒரே ஒரு கிளிப் வழியிலேயே கழண்டுச்சு. கண்ணை மூடிக்கிட்டுத் திரும்ப மாட்டிட்டேன்."

"டாக்டர், அதெல்லாம் கதை. பாதிக் கதை."

அவர் முகம் மாறியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அப்படியா? அதான் கொஞ்சம் அமைதியான நாவலா இருக்கேன்னு பார்த்தேன். ஒரு எலும்புக்கூடு கிடைக்குது, அது எப்படி அங்க வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் யாருமே சொல்லலை. நான் அதை ஒரு ஸ்டைல்னு நெனச்சேன்."

"உங்களுக்குக் கொலைகாரன் யாருன்னு தெரியுமா?"

"கொலையா?"

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "வந்தாச்சா? உட்காரச் சொல்லும்மா!"

நான் புத்தகத்தை சோபாத் தலையணைக்குப் பின்னால் திணித்தேன். பாதி புத்தகம் படித்தவர் என்று தெரிந்தால், மாமியார் பார்வையில் அது அரை டிக்கெட்டில் போகும் முழு ஆள். "சிரிச்சுக்கிட்டே சாப்பிடுங்க. எதைப் பத்தியும் அபிப்பிராயம் மட்டும் சொல்லாதீங்க" என்று சொல்லி அவரை மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

மேசையில் மாமனார், நாத்தனார், நான். தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த கைபேசியில் என் கணவர். அவர் கப்பலில் இன்ஜினியர், வருடத்தில் பாதி நாள் எங்களுக்கு வெறும் குரல்தான். எதிரில் டாக்டர். மேசையின் முனையில் மாமியார். மாமியாரைத் தவிர யாரும் அந்த நாவலை இன்னும் படிக்கவில்லை. அடுத்த முறை மாமனாருடையது. அதற்காகவே என்னிடம் புதுக் கண்ணாடி செய்து வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

சூப் முடியும் வரை மாமியார் பூனைகளைப் பற்றிப் பேசினார். ரொட்டித் தட்டை நகர்த்தும்போதுதான் தூண்டில் விழுந்தது.

"அப்புறம் டாக்டர், அந்த ஏரிக்கரை ஹோட்டல் கதை எப்படி இருந்தது? பாவம், அந்த முதலாளி. அறுபது வருஷம் கழிச்சு, ஹோட்டலை இடிக்கும்போது நடன அறைத் தரைக்கு அடியில கிடைக்கிறாரு."

அந்த அளவு பின் அட்டையிலேயே இருந்தது. நாத்தனார் முடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் சிரித்தார். நான் சொன்னபடியே சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். செத்த முதலாளிக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டாம்.

"யாரு பண்ணியிருப்பான்னு கடைசி வரைக்கும் தெரியலை இல்ல?" என்று மாமியார் நூலை இன்னும் கொஞ்சம் விட்டார்.

"ஆமாங்க. தெரியவே இல்லை" என்றார் டாக்டர். உலகத்திலேயே இதைவிட உண்மையான பதில் கிடையாது.

மாமியாரின் புருவம் உயர்ந்தது. மெச்சிக்கொள்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "கெட்டிக்காரர்தான்" என்று முணுமுணுத்தார்.

இதோடு விட்டிருக்கலாம். மாமனார் நல்ல மனதோடு ரொட்டித் தட்டை டாக்டர் பக்கம் நீட்டினார். டாக்டர் ரொட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ரொட்டின்னதும் ஞாபகம் வருது. கதையில ஒரே ஒரு விஷயந்தான் தப்பு. வாத்துக்கு ரொட்டி போடக் கூடாது."

"என் ரொட்டியா?" என்றார் மாமனார்.

"எந்த ரொட்டியும். வயிறு ஊதிடும். ஆனா அதைத் தவிர, ஏரிக்கரையில வாத்துக்குத் தீனி போட்டுக்கிட்டு ஒரு வயசான அம்மா வர்றாங்களே, என்ன நல்ல மனுஷிங்க அவங்க! அந்தப் புத்தகத்துலயே அவங்க ஒருத்தர்தான் மனுஷி."

மாமியாரின் கரண்டி நின்றது. "யாரு? அந்த வாத்தம்மாவா?"

"ஆமாங்க. வெயில் காலத்துலகூடக் கையுறையைக் கழற்ற மாட்டாங்க. அவ்வளவு சுத்தம். என்கிட்ட வேலை பார்க்கிற பசங்களுக்கு அவங்களைக் காட்டணும்."

"சுத்தமா!" என்றார் மாமியார்.

நான் மேசைக்கு அடியில் டாக்டரின் காலை மிதித்தேன். "மன்னிச்சுக்கோம்மா" என்று மாமனார் தன் காலை இழுத்துக்கொண்டார்.

"அந்த இன்ஸ்பெக்டர்தான் பண்பில்லாதவன்" என்று டாக்டர் தொடர்ந்தார். அவருக்குச் சூடு பிடித்துவிட்டது. "அந்தம்மா ஆசையா டீ போட்டுக் குடுக்கறாங்க. அவன் குடிக்காம, அவங்க திரும்பின சமயம் பார்த்து செடியில ஊத்துறான். வளர்ந்த ஆம்பளை பண்ற வேலையா இது? அடுத்த அத்தியாயத்துல அந்தச் செடி பட்டுப்போகுது. பாவம், தண்ணி ஊத்தக்கூட முடியாத வயசு."

நாத்தனார் முடியை விலக்கி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஜாடியில் சாய்ந்திருந்த கைபேசி மெதுவாக, "ஐயோ" என்றது.

மாமியாரின் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது. வேலையிலிருந்த நாளெல்லாம் பொய் சொல்பவர்களைப் பார்த்தவர். ஆனால் இவ்வளவு கூசாமல், கண்ணுக்கு நேராக, ஜன்னல் பக்கமே திரும்பாமல் ஒருவர் பேசி அவர் பார்த்ததில்லை.

"கடைசியில பாருங்க, அந்த இன்ஸ்பெக்டரே திருந்தி, அவங்க பக்கத்துல உட்கார்ந்து வாத்துக்குத் தீனி போடுறான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. நம்ம பக்கத்து வீட்டுல அப்படி ஒரு அம்மா இருந்தா, நான் வெளியூர் போறப்போ நம்பி வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போவேன்."

"சாவியா!" மாமியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அவகிட்டயா சாவி? யோவ், அவதான்யா புருஷனைக் கொன்னு தரைக்கு அடியில போட்டவ! அந்த டீயில இருந்தது விஷம்யா!"

மாமனார் சட்டைப் பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்தார். ஒரு முறை பார்த்தார். கூட்டுக்குள் போட்டு மூடினார். அந்த 'டப்' எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா" என்றது கைபேசி, கடலுக்கு நடுவிலிருந்து. "அடுத்த மாசம் லீவுக்கு வந்து படிக்கலாம்னு இருந்தேன்மா."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்து டாக்டரைக் காட்டினார். "இவர்தான்! கையுறை, டீ, செடின்னு எல்லாத்தையும் இவர்தான் போட்டு உடைச்சாரு!"

"அவர் செடி பட்டுப்போச்சுன்னுதான் சொன்னார், செக்கிங்" என்றார் மாமனார், முதல் முறையாக நீதிபதிக் குரலில். "கொலைன்னு சொன்னது நீ. சட்டம் எழுதினதும் நீ. ஒரு வருஷம் உனக்கு ஓட்டு இல்லை. இப்ப இவங்க கல்யாணத்துக்கு மத்தவங்க கை தூக்கலாம்."

நான் தூக்கினேன். கைபேசி, "நானும்" என்றது. நாத்தனாரின் கை பாதி உயர்ந்தது. அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. இப்படி ஜெயிப்பதற்கா அவள் காலையிலிருந்து பயந்தாள்?

அப்போது டாக்டர் எழுந்து நின்றார்.

"கை தூக்காதீங்க. ஒரு உண்மை சொல்லணும். அம்மாகிட்ட ஓட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க. நான் புத்தகத்துல பாதிதான் படிச்சேன். அந்தம்மா கொலைகாரின்னு எனக்கு இப்பத்தான் தெரியும். இன்னும் நம்ப முடியலை."

"பாதியா?" மாமியாரின் குரலில் பழைய வேலை திரும்பியிருந்தது. "எந்தப் பாதி?"

நான் போய்த் தலையணைக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து மேசை நடுவில் வைத்தேன்.

"என் நீலக் கிளிப்!" என்றாள் நாத்தனார்.

மாமியார் புத்தகத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். தான் போட்ட கிளிப், போட்ட இடத்தில், போட்ட மாதிரி. நடந்தது ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து உட்கார்வதைப் பார்த்தேன்.

"கழற்ற மறந்துட்டேன்" என்றார். "சரி, நீங்க ஏன் திறக்கலை?"

"மூடினது நீங்க. திறக்கலாமான்னு உங்களைக் கேட்காம எப்படிங்க?"

"ஒரு வாரம் வீட்டுல தனியா இருந்திருக்கு. மர்ம நாவல். பக்கத்துக்குப் பக்கம் மூடி வச்சிருக்கு. ஒரு தடவைகூடக் கை வரலையா?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். "வந்தது. நிறைய தடவை வந்தது. ராத்திரி புத்தகத்தை மருந்து அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன்."

மாமியார் உட்கார்ந்தார். "பூட்டியிருக்கற கழிப்பறைக் கதவைத் தட்டிப் பார்க்காத ஒரு பயணியை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்லை" என்றார், யாரிடமும் என்றில்லாமல். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று மாமனார் கைக்குட்டையை எடுத்தார். மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "நல்ல மனுஷியாம்! வாத்துக்குத் தீனி போடுற நாவல்! கண்ணு கலங்கிச்சாம்!"

"நிஜமாவே கலங்கிச்சுங்க" என்றார் டாக்டர்.

"இவர்கிட்ட ரகசியத்தைக் குடுத்தா அது இருக்கற இடத்தையே மறந்துடும். எனக்கு ஓட்டு இருந்திருந்தா ரெண்டு கையையும் தூக்கியிருப்பேன்."

"ஓட்டு இல்லாதவங்க கருத்து சொன்னது பதிவு செய்யப்பட்டது" என்றார் மாமனார், தன் கையைத் தூக்கியபடி. நாத்தனாரின் கை இப்போது முழுதாக உயர்ந்தது. அவ்வளவு வேகமாக உயர்ந்ததில் தண்ணீர் ஜாடி சாய, என் கணவர் சூப்புக் கிண்ணத்துக்குள் விழுந்தார்.

அவரைத் துடைத்து எடுப்பதற்குள், டாக்டர் புத்தகத்தின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். நீலம் எல்லாம் அவளுக்கு. கறுப்பு எனக்கு. மஞ்சள் யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் முடியை அள்ளி மேலே குத்திக்கொள்ளப் போனாள். "கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டுக்கலாமே" என்றார் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் கிளிப்பை மேசையில் வைத்துவிட்டாள்.

மாமியாருக்கு அந்தப் புத்தகத்தைத் தொடத்தான் உரிமை இல்லை. கேட்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. அதனால் டாக்டர் உரக்கப் படிப்பது என்று முடிவாயிற்று. யார் கொன்றது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் கொன்றாள் என்பதுதான் பாக்கி. மாமனார் கண்ணாடியை மறுபடி வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். காதால் கேட்பதற்கு எதற்குக் கண்ணாடி என்று யாரும் கேட்கவில்லை.

"அன்று" என்று டாக்டர் ஆரம்பித்தார். ஏரியில் பனி. ஹோட்டலில் இசை. முதலாளியின் இளம் மனைவி படியில் இறங்கி வருகிறாள், கையில் இன்னும் கையுறை இல்லை. எங்களுக்கெல்லாம் வயிற்றில் லிஃப்ட் இறங்கத் தொடங்கியது.

இரண்டு பக்கம் போனதும் டாக்டர் நிறுத்தினார். "எவ்வளவு சாதுவா இருக்காங்க! இவங்க போய் எதுக்குங்க..."

மாமியார் முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தார்.

மாமனார் பேக்கரியில் பழகிய கை. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பெரிய துண்டு ரொட்டி அந்த வாய்க்குள் போயிருந்தது.

"வாத்துக்குத்தான் ஆகாது" என்றார். "நீங்க படிங்க மாப்பிள்ளை."